சென்னியப்பன் என்கிறவர் சொன்னது

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி டயர் கடைக்காரர் எங்கள் வீட்டுக்காரருக்குத் தை மாதம் கொடுத்தது. முதல் தாளில் பிள்ளையார், அடுத்த தாளில் டயர் விலை. அவர் இதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. பங்குனியில் மஞ்சள் காமாலை முற்றி ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். லாரி ஓட்டுகிறவருக்கு டைரி எதற்கு? மிச்சமிருக்கும் தாளில் நான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த கை. பிழை இருந்தால் இருக்கட்டும், படிக்க யாரும் இல்லை.

இன்று கூட்டு மருந்து வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. அவரிடமிருந்து வந்தது. ஒன்பது வருடமாகிறது, சண்டை போட்டு ஓய்ந்த விஷயம்.

மருந்து வாங்கித் திரும்பும்போது அந்தப் பொண்ணு கூப்பிட்டாள். சுபிஜா சிஸ்டர். நாகர்கோவில் பக்கம். பெரிய படிப்புக்காக ஆராய்ச்சி செய்கிறாள். இந்த வியாதி உள்ளவர்கள் குடியோடும் மனக்கஷ்டத்தோடும் எப்படி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் ஆராய்ச்சி. போன வருடம் ஆண்களிடம் கேட்டாள். அதில் எங்கள் வீட்டுக்காரரும் ஒருவர். இந்த வருடம் பெண்டாட்டிமார்களிடம் கேட்கிறாளாம்.

“விருப்பம் இருந்தா மட்டும் வாங்க அக்கா. வரலைன்னாலும் உங்க மருந்துக்கு ஒரு குறையும் வராது.”

வருகிறேன் என்றேன். அவள் படிப்புக்காக இல்லை. போன வருடம் அந்த அறைக்குப் போகிற நாளெல்லாம் அவர் தன் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டார். என்னோடு ஒரு கல்யாணத்துக்கு வரும்போதுகூடச் சட்டை மாற்றாதவர். அன்றைக்கெல்லாம் ஒரு சொட்டுக் குடிக்கவும் மாட்டார். உட்கார்ந்து அப்படி என்னதான் பேசினார்? அது எனக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

பண்ணையில் இன்று லோடு அதிகம். முட்டையை அட்டையில் அடுக்கி அடுக்கி இடுப்பு விட்டுப் போய்விட்டது. கீறல் முட்டை எட்டு கொடுத்தார்கள். நான்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். ஒருத்திக்கு என்ன சமைப்பது. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

மதியம் என் அண்ணன் சென்னியப்பன் போன் செய்தான். அவன் உலகத்திலேயே ஒழுங்கானவன். வருடம் தவறாமல் பழனிக்கு நடப்பான், டீகூடக் குடிக்க மாட்டான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் வைத்து எங்கள் வீட்டுக்காரருக்குப் புத்தி சொல்வான். “மாப்ள, நானெல்லாம் பாரு, சொட்டுத் தொட்டதில்ல.” இவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். இன்றும் அதையேதான் பேசினான். “அப்பவே எம்பட பேச்சக் கேட்டிருந்தா மனுசன் இருந்திருப்பான்.” சரி என்று வைத்துவிட்டேன்.

ஒன்றை எழுத வேண்டும். லாரி ஓனர் கொடுத்தனுப்பிய அவருடைய பையில் ஒரு டப்பா இருந்தது. உள்ளங்கை அளவு, நீல நிறம், உள்ளே மூன்று தடுப்பு. மூடியில் சூரியகாந்திப் பூ ஒட்டியிருக்கிறது. திறந்தால் காலி. இப்படி ஒரு சாமானை அவர் காசு கொடுத்து வாங்க மாட்டார். தலைக்குச் சீப்புகூட நான்தான் வாங்கித் தருவேன். பூ ஒட்டித் தர ஒரு பெண் கை வேண்டும்.

கிராம்பைப் போட்டு மூடி அடுக்களையில் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்கு வந்த பிறகு என் சாமானைத்தான் அது சுமக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

அந்த அறை சின்னது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு ஃபேன். “அவரு இதுலதான் உக்காந்தாருங்களா?” என்று கேட்டேன். அவள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் உட்கார்ந்தேன். நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது. அவருக்கும் ஆடியிருக்கும்.

பேசுவதை ஒரு சின்ன மெஷினில் பிடித்துக்கொள்வாளாம். பேப்பரில் நம் பெயர் வராது. நாமே ஒரு வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பெயரில்தான் எழுதுவாளாம். எல்லோருக்கும் அப்படித்தானாம்.

“என்ன பேரு வைக்கட்டும் அக்கா?”

“உங்க பேரையே வெச்சுக்குங்க, அம்மிணி. சுபிஜா.”

“ஐயோ, அது முடியாது” என்று சிரித்தாள். சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. அதையும் பார்த்துக்கொண்டேன்.

“ஏன் முடியாது? எங்கூட்டுக்காரரு வாயில நிறையத்தடவ வந்த பேருதானே.”

சிரிப்பு நின்றது. பிறகு ராசாமணி என்கிற என் பெயரை மாற்றிப் பொன்னி என்று போட்டோம். எங்கள் வீட்டு ஆட்டின் பெயர். நான் சொல்லவில்லை.

கேள்வி நிறையக் கேட்டாள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, செத்துப் போகலாம் என்று நினைப்பு வருகிறதா. வருகிறது, இல்லை, இல்லை என்று சொன்னேன். அவருக்கு மாத்திரை யார் கொடுத்தது என்று கேட்டாள். இதை மட்டும் நன்றாகச் சொன்னேன்.

“நான்தான். ஒன்பது வருசமா எங்கையில இருந்துதான் வாங்கி முழுங்குவாரு. குடிச்சிட்டு வந்த அன்னிக்கு மட்டும் கொடுக்க மாட்டேன். சாராயமும் மருந்தும் சேந்தா ஆளே போயிருவாங்கல்ல. கெஞ்சுவாரு. கால்ல விழுந்தாலும் கொடுக்க மாட்டேன். அவ்வளவு கவனமாப் பார்த்துக்கிட்டேன்.”

அவள் பேனா நின்றுவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மெஷினை நிறுத்தி, “இன்னைக்கு இது போதும் அக்கா” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் புருசனுக்காக இவளுக்கு எதற்குக் கண் கலங்க வேண்டும்?

ஒரு நோட்டும் கொடுத்தாள், தினம் எப்படி இருந்தது என்று எழுதி வரச் சொல்லி. அதில் “சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், தூங்கினேன்” என்று ஒரே நாளில் இரண்டு வாரத்துக்கு எழுதி வைத்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

சட்டைகளை எடுத்துத் துவைத்தேன். யாரும் போடப் போவதில்லை. இருந்தாலும் துவைத்தேன்.

ஜூன் 26, வியாழன்

தண்ணீர் வரவில்லை. குழாயடியில் சண்டை. ஆடு மயிலாவின் முருங்கையைக் கடித்துவிட்டது. மயிலா இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவளும் ஆஸ்பத்திரி ஆள்தான். இங்கே அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அவள் வீட்டுக்காரரும் குடிக்கிறார், விழுகிறார், வாந்தி எடுக்கிறார். அவள் திட்டிக்கொண்டே கழுவுகிறாள். அந்தச் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

திட்ட ஆள் இருக்கிறது அவளுக்கு.

மாத்திரையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. என் மாத்திரை டப்பாவை ஆட்டினால் இன்னும் நிறைய இருக்கிற சத்தம் வருகிறது.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பண்ணையின் எருக்குழியில் போடாத மாத்திரையைக் கொட்டிவிட்டுப் போனேன், மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணினார்கள், சரியாக இருந்தது. ரத்தம் சொல்லிவிட்டது. கிருமி ஏறியிருக்கிறதாம்.

“அக்கா, மாத்திரை போடறீங்களா?” என்றாள் சுபிஜா.

“போடறேன்.”

“நிஜமா?”

“நீங்க எங்கிட்ட நிஜம் கேக்கறீங்களா? அப்ப நானும் ஒண்ணு கேக்கறேன். எங்கூட்டுக்காரரு இங்க உக்காந்து என்ன பேசுனாரு?”

“அத நான் சொல்லக் கூடாது அக்கா.”

“செத்தவருதானே, இப்ப என்ன?”

“அவங்க உயிரோட வந்து கேட்டாலும், நீங்க பேசினத அவங்களுக்குச் சொல்ல மாட்டேன். அதே மாதிரிதான்.”

“எவ்வளவு நேரம் பேசுனாரு? அதையாவது சொல்லுங்க.”

பேனாவை மூடி வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. இருபத்தியொரு வருடம் ஒரு வீட்டில் இருந்தேன். “சோறு”, “தண்ணி”, “நாளைக்கு நாக்பூர் லோடு”. இதற்கு மேல் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தேன். கிராம்பு கொட்டியது.

“இது உன்னுதா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “ஆமா அக்கா. நான்தான் குடுத்தேன்.”

“பூ ஒட்டுனது?”

“நான்தான்.”

“எதுக்குக் கொடுத்த?”

“அதுதான் சொல்ல முடியாது.”

“சொல்ல முடியாத உறவு. சரி. நல்லா இரு, தாயி.”

கிராம்பைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வெளியில் மருந்து கொடுக்கிற இடத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நிற்கவில்லை. இந்த மாதம் மாத்திரை வாங்கவில்லை.

ஜூலை 9, புதன்

எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. பத்து வயது குறைந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். எனக்கும் கன்னத்தில் குழி உண்டு, இப்போது பல் போனதால் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

வயிறு சரியில்லை. வாயில் புண். வேலைக்குப் போகவில்லை. படுத்தபடி மயிலா வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24, வியாழன்

பண்ணைக்கு வந்துவிட்டாள்!

நான் அட்டை கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சுடிதார்ப் பெண் ஒயர் கூடையோடு மேஸ்திரியிடம் கீறல் முட்டை இருக்கிறதா என்று கேட்கிறாள். வெள்ளை உடுப்பு இல்லாமல் முதலில் அடையாளம் தெரியவில்லை. உடுப்போடு வந்திருந்தால் ஊரே கேள்வி கேட்டிருக்கும், அதற்குத்தான் இந்த வேஷம்.

“இந்தம்மா எடுத்துக் கொடுப்பாங்க” என்று மேஸ்திரி என்னைக் கைகாட்டினார்.

பக்கத்தில் வந்து நின்றாள். “மெலிஞ்சுட்டீங்க அக்கா.”

“முட்டை எத்தனைங்க வேணும்?”

“பன்னிரண்டு.” கூடையை நீட்டினாள். அடியில் துண்டு விரித்து, துண்டுக்கு அடியில் என் மாத்திரை டப்பா. “மருந்து ரூம்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன். எடுத்துக்கிட்டு முட்டைய வைங்க.”

“என்மேல உனக்கு என்ன அக்கறை?”

“உங்க மேலதான் அக்கறை. வேற யார் மேல?” என்றாள். சத்தம் இல்லாமல்தான் சொன்னாள். ஆனாலும் அதட்டுகிற மாதிரி இருந்தது. “ஆகஸ்ட் பன்னிரண்டு, ஆஸ்பத்திரி மாடியில கூட்டம். நீங்க எல்லாரும் சொன்னத, போன வருசம் ஆம்பளைங்க சொன்னத, நான் எழுதினபடி வாசிச்சுக் காட்டுவேன். அந்தந்த வேற பேரோடதான் வாசிப்பேன். சரியா எழுதியிருக்கேனா, தப்பா எழுதியிருக்கேனான்னு நீங்கதான் சொல்லணும். அப்படி வாசிக்கறதுக்குப் போன வருசமே அவங்ககிட்ட சம்மதம் வாங்கியாச்சு. எங்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேன். அங்க வந்தா காது இருக்கவங்க கேக்கலாம்.”

முட்டையைக் கவனமாக வைத்துக் கொடுத்தேன். நல்ல முட்டை இரண்டும் சேர்ந்துவிட்டது. மேஸ்திரி பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தெருவே மோகனூருக்குக் காவிரியில் குளிக்கப் போயிருக்கிறது. போனவர்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, தலை ஈரத்தோடு வருகிறார்கள். மயிலாவும் மாற்றிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் நேற்றும் சாக்கடையில் கிடந்தவர்தான். கயிறு என்னவோ பளிச்சென்று இருக்கிறது.

நல்லவர்களின் பெண்டாட்டிகளைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. குடிகாரரின் பெண்டாட்டிகளைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

சித்திரான்னம் கிளறினேன். ஆட்டுக்கும் வைத்தேன்.

மாத்திரை டப்பா பிரிக்காமல் இருக்கிறது. கூட்டம் முடியட்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். மறந்துவிடக் கூடாது.

மாடியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பெண்கள் நிறைய. ஆண்கள் நாலைந்து பேர் கடைசியில் சுவரோடு. மயிலா என் பக்கத்தில். டீயும் வடையும் கொடுத்தார்கள். சுபிஜா சேலை கட்டியிருந்தாள். என் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு பெயராகச் சொல்லி வாசித்தாள். மாரிக்கனி சொன்னது, ராணி சொன்னது என்று. பொன்னி சொன்னது என்று என்னுடையதும் வந்தது. மாத்திரை பற்றி நான் பெருமையாகச் சொன்னது அதில் இல்லை. பசிக்கவில்லை என்றது மட்டும்தான் இருந்தது. ஏன் விட்டாள் என்று அப்போது புரியவில்லை.

பிறகு ஆண்கள் சொன்னது. ஒருவர் முருகன், ஒருவர் ஜான். அடுத்து, “சென்னியப்பன் என்கிறவர் சொன்னது” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வடை புரையேறிவிட்டது. அண்ணன் குடிக்காதவன், டீகூடக் குடிக்காதவன், அவன் பெயரில் உட்கார்ந்து தன் குடிக்கதை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் மனுசன்! பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அன்றைக்கே மனதில் வைத்திருந்திருக்கிறார்.

சிரிப்பு நின்ற இடத்திலிருந்து அவர் பேச ஆரம்பித்தார். அவள்தான் வாசித்தாள், அவர் பேசின மாதிரியே.

“எம்பட ஊட்டுக்காரி குடிச்ச அன்னிக்கு மாத்திரை தர மாட்டாளுங்க. ரெண்டும் சேந்தா நெஞ்சு வெடிச்சுப் போயிரும்னு அவ நெனப்பு. நானும் அப்பிடித்தான் நெனச்சிருந்தேன். நீங்க சொல்லித்தான் தெரியும், குடிச்சாலும் மாத்திரைய விடக் கூடாதுன்னு. அவகிட்டச் சொல்லச் சொல்றீங்க. எப்பிடிங்க சொல்றது? இத்தன வருசமும் நான்தான் கெடுத்தனான்னு உக்காந்துக்குவா. அவளுக்கு நானா எதுவும் கொடுத்ததில்லைங்க, வியாதியத் தவர. எங்கிட்டக் கோவத்தக் காட்ட அவகிட்ட இருக்கறது அந்த மாத்திரை ஒண்ணுதான். அதையும் நான் புடுங்கணுமா? அதனால நீங்க கொடுத்த டப்பாவ வண்டியில வெச்சுக்கறேன். அவ குடுத்தா அவ கையால போட்டுக்கறேன். குடுக்காத அன்னிக்கு டப்பாவுல இருந்து போட்டுக்கறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

பெண்கள் பல பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும்தான் அப்படிச் செய்தேன் என்று நினைத்திருந்தேன்.

மயிலா என் காதில், “அக்கா, இது எங்கூட்டுக்காரரு பேச்சாட்டவே இருக்குதுக்கா” என்றாள். அழுகிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம். உனக்குத்தான் வீட்டில் உயிரோடு ஒன்று இருக்கிறதே, செத்தவர் பேசிய நாலு வார்த்தையையும் நீ எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று வாய் வரை வந்துவிட்டது. கையைக் கிள்ளிக்கொண்டேன்.

சுபிஜா பேப்பரைக் கீழே வைத்து, “குடிச்சிருந்தாலும் அன்னைக்கு மாத்திரை குடுக்கணும். இது வீட்ல இருக்கவங்க பண்ணின தப்பு இல்ல. நாங்க யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கல, அதுதான் தப்பு” என்றாள். பிறகு வழக்கம் போலக் கேட்டாள், “சென்னியப்பன் சொன்னதுல மாத்தி எழுத வேண்டியது ஏதாவது இருக்குதா?”

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

“ஒண்ணு தப்புங்க.”

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். “சொல்லுங்க அக்கா.”

“அந்தம்மாவுக்குக் கோவம்னு எழுதியிருக்குது. அது கோவம் இல்லீங்க. பயம். மாத்திரையக் கொடுத்தா செத்துப் போயிருவாரோன்னு பயம். அந்தாளு கோவம்னு நெனச்சுட்டாரு. ஒன்பது வருசமும் தப்பாவே நெனச்சுட்டாரு. மாத்தி எழுதிக்குங்க.”

“எழுதிக்கறேன் அக்கா.” எழுதினாள். நான் பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

“யார் சொன்னதுன்னு போடட்டும்?”

“பொன்னின்னு போடுங்க.”

மயிலா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

நீல டப்பா காலியாக இருந்தது. அன்று பையிலிருந்து எடுத்தபோதே காலி. மூன்று தடுப்பும் காலி. இத்தனை நாள் அதைக் காலி டப்பா என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அண்ணன் போன் செய்தான். “எப்பிடி இருக்கற? அப்பவே எம்பட பேச்ச…” என்று ஆரம்பித்தான். “அண்ணா, ஆஸ்பத்திரியில உம்பட பேரு இப்ப ரொம்பப் பிரபலம்” என்றேன். “எதுக்கு?” என்றான். “மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டதுக்கு” என்றேன். வைத்துவிட்டான்.

சாயந்திரம் மயிலா வீட்டில் சத்தம். நன்றாகக் குடித்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், கொடுக்கவும் மனசு வராமல், வைக்கவும் மனசு வராமல்.

“குடுடி” என்றேன்.

“பயமா இருக்குதுக்கா.”

“தெரியும். குடு.”

கொடுத்தாள். அவர் விழுங்கிவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்த்தால் எரியும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. என்னைப் பற்றி அவர் மனதில் இருந்தது எனக்கு முன்னால் அந்தப் பொண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருடம் முன்னால். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை போகும்போது நல்ல முட்டையாகப் பன்னிரண்டு கொண்டு போய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மன்னிப்பு வேறு, முட்டை வேறு.

ராத்திரிச் சோறு சாப்பிட்டுவிட்டு, நீல டப்பாவிலிருந்த கிராம்பைத் தட்டில் கொட்டினேன். துணியால் துடைத்து, என் மாத்திரையை மூன்று நாளைக்கு மூன்றாகப் போட்டேன். ஒன்றை எடுத்து விழுங்கினேன்.

கிராம்பு வாசம் அடித்தது. நாளைக்கும் அடிக்கும். போகப் போகக் குறையும் என்று நினைக்கிறேன்.